பெரிய வீட்டுக் கடன்

ஜமீனை அரசாங்கம் பிடுங்கிக்கொண்டது என்று சொல்லிச் சொல்லித்தான் எங்கள் வீட்டில் பிள்ளைகளை வளர்த்தார்கள். 1948-இல் ஒரு சட்டம் வந்தது, அதோடு எல்லாம் போயிற்று. அதுவரைக்கும் யானை இருந்தது, குதிரை லாயம் இருந்தது, வேளைக்கு நூறு இலை விழுந்தது. இந்தக் கதையைச் சொல்லும்போது அத்தைக்கு இன்றும் குரல் கம்மும். யானை எந்த வருஷம் போனது என்று கேட்டால் மட்டும் பேச்சு வேறு பக்கம் போய்விடும்.

அப்பா இறந்த பிறகு வீட்டுக் காகிதங்கள் என்னிடம் வந்தன. நான் கணக்குத் தணிக்கை வேலையில் இருப்பவள். யார் எதைச் சொன்னாலும் வவுச்சர் எங்கே என்று கேட்டுப் பழகிவிட்டது. வவுச்சர் இருந்தது. இரும்புப் பெட்டிக்குள் துணியில் கட்டிய கட்டுக்கட்டாகக் கணக்கு. யானை போனது சட்டத்துக்குப் பல வருஷம் முன்னால், ஒரு புரோநோட்டுக்கு வட்டி கட்ட முடியாமல். குதிரைகள் அதற்கும் முன்னால்.

ஊர் பெயரைச் சொல்லப் போவதில்லை. வழக்குகள் நிலுவையில் இருக்கின்றன, பங்காளிகள் எல்லோரும் செல்பேசி வைத்திருக்கிறார்கள். தெற்கே, வானம் பார்த்த கண்மாய்ப் பாசனப் பூமியில் ஒரு சின்ன ஜமீன் என்பது போதும்.

நான் வாரிசான கதையே தனி. ஜமீன் பகுக்க முடியாத சொத்து. மூத்த மகனுக்கு மொத்தமும், தம்பிமார்களுக்கு ஜீவனாம்சம், பெண்களுக்குக் கலியாணத்தோடு சரி. எங்கள் வீட்டில் ஐந்து தலைமுறைக்கு அப்படித்தான் நடந்திருக்கிறது. 1956-இல் இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்தது. 1989-இல் தமிழ்நாடு பெண்களுக்கும் கூட்டுக்குடும்பச் சொத்தில் பிறப்புரிமை கொடுத்தது. 2005-இல் அது நாடு முழுவதற்கும் சட்டமானது. எங்கள் வீட்டு ஆண்கள் இதில் எதையும் காதில் போட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. அப்பாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து வங்கிக் கடிதங்களைப் பிரித்து வாசித்த அன்றைக்குத்தான் எல்லோருக்கும் பெண்ணுரிமை ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது. வெளிநாட்டில் இருக்கும் அண்ணன், "நீதான் கணக்கு தெரிஞ்சவ, நீயே எடுத்துப் பாரும்மா" என்றான். சித்தப்பா, "மூத்த பொண்ணு மூத்த பையன் மாதிரிதானே" என்றார். சொத்து என்றால் ஆண் வாரிசு, கடன் என்றால் சமபங்கு.

அதே 2005 திருத்தம் இன்னொரு காரியமும் செய்திருக்கிறது. அப்பன் பட்ட கடனைத் தீர்ப்பது மகன், பேரன், கொள்ளுப்பேரன் வரைக்கும் தர்மக் கடமை என்பது பழைய இந்துச் சட்டத்தின் விதி. அந்தக் கடமையை மட்டும் காரணமாகக் காட்டிக் கடன்காரர் இனி மகனைப் பிடிக்க முடியாது என்று சட்டம் எழுதிவிட்டது. வாரிசுக்கு வந்து சேர்ந்த சொத்து எவ்வளவோ அதுவரைக்கும்தான் பொறுப்பு. இதைச் சித்தப்பாவிடம் விளக்கினேன். "சட்டம் சொல்லும்மா. அண்ணன் வாங்குனதக் குடுக்கலன்னா அவர் ஆத்மா எப்படி அடங்கும்?" என்று கேட்டார். ஆத்மா அடங்க அவர் பங்குக்கு என்ன போடுகிறார் என்று நான் கேட்கவில்லை.

அப்பா விட்டுப்போன கடனில் மூன்று அடுக்கு. அடியில் கூட்டுறவுச் சங்கத்துப் பயிர்க்கடனும் நகைக்கடனும். அது சின்னது. நடுவில் கைமாற்று. காகிதமே இல்லாமல் ஊரில் ஆள் ஆளுக்கு வாங்கியது. கொடுத்தவர்கள் வந்து திண்ணையில் உட்கார்ந்து, "துரை இருந்திருந்தா நான் வாயத் தொறந்திருக்க மாட்டேன்" என்று ஆரம்பித்து ஒரு தொகையைச் சொல்வார்கள். அதில் பொய் குறைவு என்பதுதான் ஆச்சரியம். மேலே, பெரியது, வங்கி அடமானம். வீட்டை ஹெரிடேஜ் ஹோட்டல் ஆக்கலாம் என்று யாரோ சொல்லி, அப்பா வீட்டையே ஈடு வைத்துக் கடன் வாங்கியிருந்தார். அந்தப் பணத்தில் நாலு குளியலறை கட்டினார். நாலும் இன்று வரை யாரும் குளிக்காத அறைகள். மீதிப் பணம் பழைய கடனுக்கு வட்டியாகப் போயிருந்தது.

வங்கிகளுக்கு 2002-ஆம் வருஷத்து சர்ஃபேசி சட்டம் இருக்கிறது. நீதிமன்றத்துக்குப் போகாமலேயே ஈட்டுச் சொத்தைக் கைப்பற்றலாம். முதலில் 60 நாள் கெடு வைத்து நோட்டீஸ். கட்டாவிட்டால் சுவாதீன அறிவிப்பைச் சுவரில் ஒட்டி, இரண்டு நாளிதழில் விளம்பரம் கொடுப்பார்கள், ஒன்று உள்ளூர் மொழியில். விவசாய நிலத்துக்கு மட்டும் அந்தச் சட்டத்தில் விலக்கு உண்டு. ஆக, முள் மண்டிக் கிடக்கும் வயலை வங்கி தொட முடியாது, நாங்கள் உட்கார்ந்திருக்கும் வீட்டை எடுத்துக்கொள்ளலாம். சுவாதீன அறிவிப்பை ஒட்ட வந்த பையனுக்கு எந்தக் கதவில் ஒட்டுவது என்று தெரியவில்லை. வெளிவாசலுக்குக் கதவு கிடையாது, எப்போதோ விறகாகப் போயிற்று. கடைசியில் துவாரபாலகர் மாதிரி நிற்கும் இரண்டு சுதைச் சிப்பாய்களில் இடப்பக்கத்துச் சிப்பாயின் நெஞ்சில் ஒட்டிவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு போனான்.

கணக்குக் கட்டுகளுக்கு வருகிறேன். அதை வாசிக்க வாசிக்க எனக்கு ஒன்று தெளிவாயிற்று. எங்கள் முன்னோர் நன்றாக இருந்து பின்னால் கடனாளி ஆனவர்கள் கிடையாது. முதல் நாளிலிருந்தே கடனில் ஓடிய ஏற்பாடு அது.

கட்டபொம்மனை 1799-இல் கயத்தாறில் தூக்கிலிட்டு, 1801-இல் மருதிருவரையும் முடித்த கையோடு, கிழக்கிந்தியக் கம்பெனி மிச்சமிருந்த பாளையக்காரர்களை ஜமீன்தார்கள் ஆக்கியது. 1802-ஆம் ஆண்டின் 25-ஆம் ஒழுங்குமுறைதான் அதற்கு அஸ்திவாரம். படையை விடு, கோட்டையை இடி, வருஷா வருஷம் பேஷ்குஷ் என்ற கப்பத்தைக் கட்டு, நிலம் உன் பரம்பரைக்கு. பேஷ்குஷ் தொகையை ஒரு தடவை நிர்ணயித்தால் நிர்ணயித்ததுதான். இந்த ஏற்பாடு முதலில் வந்த வங்காளத்துக்குப் பொருந்தியதோ என்னவோ, கண்மாய் நிறைந்தால்தான் சோறு என்கிற பூமிக்கு அது பொருந்தவில்லை. மூன்று வருஷத்தில் ஒரு வருஷம் மழை பொய்க்கும் ஊரில் வரவு ஏறி இறங்கும், செலவு மட்டும் ஆணி அடித்தாற்போல் நிற்கும். பாக்கி வைத்தால் ஜமீன் ஏலத்துக்கு வரும். அதனால் மழை பொய்த்த வருஷம் எல்லாம் புரோநோட்டு வருஷம். தாது வருஷப் பஞ்சத்துப் பக்கங்களைப் புரட்டினால் வரவு பத்தியில் கடன் வாங்கிய தொகையைத் தவிர வேறு எதுவுமே இல்லை.

இதில் மிச்சம் பிடித்தால் அது வழக்குக்கு. வாரிசு வழக்கு நடக்காத ஜமீன் தமிழ்நாட்டில் இருந்ததா என்பதே சந்தேகம். பெரிய உதாரணம் சிவகங்கை. 1829-இல் கௌரி வல்லபர் இறந்தார். ஜமீன் அவருடைய அண்ணன் வழியாருக்கா, மகளுக்கா என்ற சண்டை ஊர் கோர்ட்டில் கிளம்பி, அன்றைக்குக் கடைசி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போய், 1863-இல்தான் மகள் காத்தம நாச்சியார் பக்கம் தீர்ப்பானது. அது அவர் சுயமாக அடைந்த சொத்து, ஆகவே அவர் வழிக்கே என்றார்கள். சட்டக் கல்லூரிகளில் இன்றும் அந்த வழக்கைப் படிக்கிறார்கள். ஒரு பெண் லண்டன் வரைக்கும் போராடி ஜெயித்தாள் என்று நினைக்கும்போது எனக்கு ஒரு சந்தோஷம் வரத்தான் செய்கிறது. ஆனால் அத்தனை வருஷம் வக்கீல்களுக்கும் கப்பல் தபாலுக்கும் யார் பணம் கொடுத்தார்கள் என்பதையும் என் புத்தி கேட்கிறது. ஜெயித்தவர் கைக்கு வந்த ஜமீனில் வழக்குச் செலவு எவ்வளவு சதவீதம்?

சிங்கம்பட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னையில் நியூயிங்டன் என்று ஒரு பள்ளி இருந்தது. மைனர் ஜமீன்தார்களை வைத்துப் பாடம் சொல்லிக்கொடுக்கும் இடம். தகப்பனை இழந்த மைனர்களின் ஜமீனைக் கோர்ட் ஆஃப் வார்ட்ஸ் நிர்வாகம் பார்த்துக்கொள்ளும், பையனை அங்கே அனுப்பும். 1919-இல் அந்தப் பள்ளியின் தலைவர் டிலாஹே சுட்டுக்கொல்லப்பட்டார். கடம்பூர் மைனரும் சிங்கம்பட்டி மைனரும் வழக்கில் சிக்கினார்கள். சிங்கம்பட்டி அப்ரூவர் ஆனார், கடம்பூர் விடுதலை ஆனார். அந்த வழக்கு இழுத்துவிட்ட கடன்தான் ஜமீனின் மலைக்காட்டைக் குத்தகைக்கு விடவைத்தது என்பது தாமிரபரணிக் கரையில் எல்லோரும் சொல்வது. 1929-இல் 8,374 ஏக்கர், 99 வருஷத்துக்கு, பம்பாய் பர்மா டிரேடிங் கார்ப்பரேஷனுக்கு. மாஞ்சோலைத் தேயிலை அப்படி வந்ததுதான். ஜமீன் ஒழிந்த பிறகும் குத்தகை ஒழியவில்லை. 2028-இல் கெடு முடிகிறது. 2024-லேயே கம்பெனி வேலையை நிறுத்தி, தலைமுறைகளாக அங்கேயே பிறந்து வளர்ந்த தொழிலாளர்களை இறங்கச் சொல்லிவிட்டது. ஒரு பள்ளி விடுதியில் வெடித்த துப்பாக்கிக்கு நூறு வருஷம் கழித்து, மலையில் கொழுந்து பறித்த குடும்பங்கள் வீடு இழக்கின்றன. ஜமீன் கடன் ஜமீன்தாரோடு முடிவதில்லை.

எங்கள் பூட்டனாரும் கோர்ட் ஆஃப் வார்ட்ஸில் வளர்ந்த பிள்ளைதான். அந்த வட்டத்துக்கு ஒரு ஒழுங்கு இருந்தது. ஜமீன்தார் கடனோடு சாவார். பையன் மைனர். அரசாங்க மேனேஜர் வந்து யானைத் தீவனத்தைக் குறைப்பார், தாசிச் செலவை நிறுத்துவார், கடனை அடைத்துக் கொஞ்சம் ரொக்கமும் சேர்ப்பார். பையன் இருபத்தொரு வயதில் கிரிக்கெட்டும் கோட்டும் இங்கிலீஷும் கற்றுக்கொண்டு வந்து பட்டத்தில் உட்கார்வான். பத்து வருஷத்தில் மறுபடியும் கடன். ராமநாதபுரத்தில் பாஸ்கர சேதுபதி இதற்குப் பெரிய சாட்சி. படித்தவர், தமிழ்ப் புலவர்களை ஆதரித்தவர், விவேகானந்தரைச் சிகாகோவுக்குப் போகத் தூண்டியவர்களில் ஒருவர், 1897-இல் அவர் திரும்பிவந்து பாம்பனில் இறங்கியபோது எதிர்கொண்டு அழைத்தவர். கொடுத்துக் கொடுத்தே கடனில் மூழ்கி, 1903-இல் முப்பத்தைந்து வயதில் போய்ச்சேர்ந்தார். ஊதாரி என்று சொல்வது எளிது. சேதுபதி பட்டத்தில் உட்கார்ந்தவர் கொடுக்காமல் இருந்திருந்தால் அவரைச் சேதுபதி என்று யார் மதித்திருப்பார்கள்? படை போயிற்று, கோட்டை போயிற்று, தண்டிக்கும் அதிகாரம் போயிற்று. ராஜா என்று காட்டிக்கொள்ள மிச்சம் இருந்தது கை நீட்டிக் கொடுப்பது ஒன்றுதான். அதற்கு வருமானம் போதாதபோது கடன் வாங்கிக் கொடுத்தார்கள். எங்கள் கணக்கிலும் அப்படி ஒரு பக்கம் இருக்கிறது. இடது பக்கம், நவராத்திரிக் கொலுவுக்கு வந்த வித்துவான்களுக்குச் சன்மானம். வலது பக்கம், அதே தேதியில், அதே தொகைக்குப் புரோநோட்டு, மாதம் நூற்றுக்கு ஒன்றே கால் வட்டி. ரெவின்யூ ஸ்டாம்பின் மேல் பூட்டனாரின் கையெழுத்து அத்தனை அழகு.

கடன் கொடுத்தவர்கள் ஏமாளிகள் இல்லை. பகுக்க முடியாத ஜமீனைக்கூட அதை அனுபவிப்பவர் இஷ்டப்படி விற்கலாம், ஈடு வைக்கலாம் என்று 1888-லும் 1899-லும் பிரிவி கவுன்சில் சொல்லிவிட்டது. கடன் கொடுத்தவர்களுக்கு அது நல்ல காலம். ஜமீன்கள் துண்டு துண்டாகப் போவதைப் பார்த்துப் பயந்த சென்னை அரசு 1904-இல் ஒரு சட்டம் போட்டது. ஜமீன்தார் வாங்கும் கடன், சில விலக்குகள் தவிர, அவர் ஆயுளோடு சரி. அடுத்த வாரிசைக் கட்டாது. குடும்பத்தைக் காப்பாற்ற வந்த சட்டம்தான், ஆனால் கடனுக்கு ஈடு இப்போது நிலம் கிடையாது, ஜமீன்தாரின் உயிர். அவர் இருமினால் வட்டி ஏறும். எங்கள் கட்டுகளில் 1904-க்குப் பிறகு வட்டி கூடிக்கொண்டே போவதற்கு இதைத் தவிர எனக்கு வேறு காரணம் தெரியவில்லை.

ராஜாஜி மந்திரிசபை 1938-இல் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் கொண்டுவந்து வட்டியைக் குறைத்தது, பழைய பாக்கி வட்டியைத் தள்ளுபடி செய்தது. குறிப்பிட்ட அளவுக்கு மேல் பேஷ்குஷ் கட்டிய ஜமீன்தார் மட்டும் விவசாயி கணக்கில் வரமாட்டார். எங்கள் ரயத்துகளுக்கு, அதாவது நிலத்தை உழுத குடியானவர்களுக்கு, கடன் குறைந்தது, எங்களுக்குக் குறையவில்லை. இதைத் தாத்தா கடைசிவரை அநியாயம் என்றார். நியாயம்தான் என்பது என் கட்சி. அதே கட்டில் இன்னொரு நோட்டு இருக்கிறது. 1908-ஆம் வருஷத்து எஸ்டேட் நிலச் சட்டம், குடியானவரிடம் நிலத்துக்கான வாரத்துக்கு (குத்தகைக்கு) மேல் எதையும் வாங்கக் கூடாது என்று தடை செய்தது. அதற்குப் பிறகும் எங்கள் வீட்டில் கலியாணத்துக்கு, காதுகுத்துக்கு, புது மோட்டார் வாங்கியதற்குக்கூட ஊர் ஊராக வசூல் வரவு வைத்திருக்கிறார்கள். பின் பக்கங்களில் கண்மாய்க் கரை வெட்டக் கூலியில்லாமல் வந்த வெட்டி ஆட்களின் பட்டியல், குடும்ப வாரியாக. வராதவர்கள் பெயருக்கு எதிரே சிவப்பு மையில் ஒரு சுழி. அந்தச் சுழிக்கு என்ன விளைவு என்று கணக்கில் இல்லை. ஊரில் கேட்டால் சொல்வார்கள்.

ஆக, 1948-இல் ஓமந்தூரார் ஆட்சியில் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தபோது ஒழிப்பதற்குப் பாக்கி அதிகம் இல்லை. கண்மாய், காடு, தரிசு, புறம்போக்கு எல்லாம் சர்க்காருக்கு. உழுதவனுக்கு ரயத்துவாரிப் பட்டா. வீடும், தாங்களே பயிர் வைத்த பண்ணை நிலமும் ஜமீன்தாருக்கு. போனதற்கு நஷ்ட ஈடு. ஆண்டு வருமானத்தைக் கணக்கிட்டு அதற்கு இத்தனை மடங்கு என்று கொடுத்தார்கள். சின்ன எஸ்டேட்டுக்கு 30 மடங்கு வரை, ஆகப் பெரியதற்குப் பன்னிரண்டரை. எங்கள் வீட்டில் யாரும் சொல்லாத பகுதி இனிமேல்தான். நஷ்ட ஈட்டுப் பணம் நேராகக் கைக்கு வராது. தீர்ப்பாயத்தில் கட்டப்படும். அங்கே கடன் கொடுத்தவர்கள் கோரிக்கை போடலாம், ஜீவனாம்சப் பங்காளிகளும் போடலாம். எங்கள் தீர்ப்பாய உத்தரவின் நகல் பெட்டியில் இருந்தது. கடன்காரர்கள் பெயர் ஒரு பக்கத்துக்கு மேல் ஓடுகிறது. தாத்தாவுக்கு மிஞ்சியதைப் பார்த்தபோது, அந்தக் காலத்து ஒரு நல்ல மோட்டார் காரின் விலை அளவுக்கு இருந்தது. அவர் ஒரு மோட்டார் கார்தான் வாங்கினார்.

அரசாங்கம் பிடுங்கியது என்ற கதை ஏன் தேவைப்பட்டது என்று இப்போது புரிகிறது. கடனில் போனது என்றால் வீட்டில் யாரோ ஒருவரைக் குற்றம் சொல்ல வேண்டும். சட்டத்தில் போனது என்றால் எல்லோரும் பாதிக்கப்பட்டவர்கள்.

பண்ணை நிலத்துக்கு அடுத்த வெட்டு 1961 உச்சவரம்புச் சட்டம். ஐந்து பேர் குடும்பத்துக்கு 30 தர ஏக்கர் (நிலத்தின் தரத்தை வைத்துக் கணக்கிடும் ஏக்கர்), 1970-இல் அதுவும் 15 ஆகக் குறைந்தது. உடனே சமையல்காரர் பேரில், டிரைவர் பேரில், கணக்குப்பிள்ளையின் மருமகன் பேரில் என்று நிலம் பிரிந்து போனது. நாய் பேரிலும் எழுதினார்கள் என்பது ஊர்க் கிண்டல். பேர் மட்டும் அவர்களுடையது, நிலம் நம்மிடம்தான் இருக்கும் என்று நினைத்திருக்கிறார்கள். சமையல்காரர் பேரில் எழுதிய நிலத்தில் இன்று அவருடைய பேரன்கள் மிளகாய் போடுகிறார்கள், பம்புசெட் வைத்திருக்கிறார்கள். சித்தப்பா அதைத் திருட்டு என்பார். மொத்தக் குடும்ப வரலாற்றிலும் நிலம் சரியான கைக்குப் போனது அந்த ஒரு தடவைதான் என்று நினைக்கிறேன்.

ஒன்று சொல்லியாக வேண்டும். ஜமீன்தார்களுக்கு மானியம் கொடுத்து இந்திரா காந்தி நிறுத்தினார் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். 1971-இல் நின்ற மன்னர் மானியம் புதுக்கோட்டை போன்ற சமஸ்தானங்களுக்கு உரியது. ஜமீன்களுக்கு அது எப்போதும் இருந்ததில்லை. "இன்னும் மாசா மாசம் பணம் வருதாமே?" என்று என்னிடம் கேட்காத சக ஊழியர் இல்லை.

சரி, மிஞ்சிய வீடு. ஊரில் அரண்மனை என்பார்கள். மேலே மெட்ராஸ் டெரஸ். தேக்கு உத்திரத்தின் மேல் குறுக்குச் சட்டம், அதன் மேல் சின்னச் செங்கல்லை மூலைவாட்டத்தில் நட்டு நிறுத்திச் சுண்ணாம்புச் சாந்து, அதன் மேல் ஜல்லிச் சுண்ணாம்பைப் போட்டுக் கடுக்காய் ஊறிய தண்ணீரும் வெல்லத் தண்ணீரும் தெளித்து ஆட்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டையால் தட்டித் தட்டி இறுக்குவது, கடைசியில் தட்டோடு என்கிற தட்டையான ஓடு. நன்றாகச் செய்தால் நூறு வருஷம் நிற்கும். எங்கள் மேல்தளம் ஒழுக ஆரம்பித்தபோது அப்பா யாரோ சொன்னதைக் கேட்டு அதன் மேல் சிமெண்டைப் பூசிவிட்டார். சுண்ணாம்பு ஈரத்தை வாங்கி வெளியே விடும், சிமெண்ட் விடாது. ஈரம் கீழே இறங்கி உத்திரங்களின் முனை சுவருக்குள் இருக்கும் இடத்திலேயே உளுத்துவிட்டது. வெளியே பார்த்தால் பர்மா தேக்கு. விரலால் அழுத்தினால் ரவை கொட்டுகிறது. தட்டோடு போடத் தெரிந்த கொத்தனார் ஒருவர் செட்டிநாட்டுப் பக்கத்திலிருந்து வந்து பார்த்தார். ஒரு வார்த்தை பேசாமல் ஒவ்வொரு அறையிலும் அண்ணாந்து பார்த்துவிட்டு, "நாச்சியா, இதுல ரெண்டு அறை தேறும்" என்றார். எந்த இரண்டு என்று காட்டினார். அப்பா கட்டிய குளியலறைகள் அந்தக் கணக்கில் வரவில்லை.

வீட்டால் வந்த ஒரே வருமானம் சினிமா ஷூட்டிங். வில்லன் பண்ணையார் வீடு வேண்டும் என்றால் எங்களைத் தேடி வருவார்கள். நல்லவன் வீட்டுக்கு யாரும் கேட்டதில்லை. ஒரு கம்பெனி தூண்களுக்குப் பச்சை பெயிண்ட் அடித்துவிட்டு அப்படியே போய்விட்டது. அந்தப் பச்சையை இன்னும் சுரண்டுகிறோம்.

சாமான்களை விற்றுக் கடனை அடை என்பார்கள். எதை? பெல்ஜியம் கண்ணாடிகள் ரசம் போய்விட்டன. வெண்கலம் அப்பா காலத்திலேயே எடைக்குப் போயிற்று. நூறு வருஷத்துக்கு மேற்பட்ட சிற்பத்தைத் தொல்பொருள் சட்டப்படி பதிய வேண்டும், வெளிநாட்டுக்கு விற்க முடியாது. பூட்டனாரின் துப்பாக்கி இரண்டு, ஒவ்வொரு தேர்தலுக்கும் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். பாடம் செய்த சிறுத்தை ஒன்று கூடத்தில் நிற்கிறது. 1972 வன உயிரினச் சட்டப்படி அதை விற்கவே கூடாது. வாரிசாக வந்தால் 90 நாளுக்குள் தலைமை வன உயிரினக் காப்பாளருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். நான் எழுதினேன். "நிலைமை" என்ற கட்டத்துக்கு எதிரே என்ன போடுவது என்று யோசித்து, கடைசியில் பார்த்ததை அப்படியே போட்டேன்: இடது காது இல்லை, வலது கண்ணுக்குப் பதில் கோலிக்குண்டு, வயிற்றுத் தையல் பிரிந்து வைக்கோல் தெரிகிறது. கணக்கில் சொத்து, கையில் பொறுப்பு. எனக்கு வந்த பரம்பரையில் பாதி இந்த வகை.

எல்லாவற்றிலும் செலவு பிடித்தது மண்டகப்படி. பங்குனித் திருவிழாவில் ஒரு நாள் எங்களுடையது. அபிஷேகம், அலங்காரம், சாமி புறப்பாடு, மேளம், வாணவேடிக்கை, அன்னதானம் எல்லாம் எங்கள் செலவு. பதிலுக்கு வீட்டுத் தலைவருக்குக் கோயில் வாசலில் பரிவட்டம் கட்டி, மாலை போட்டு, முதல் திருநீறு. அப்பா ஒவ்வொரு பங்குனிக்கும் கைமாற்று வாங்கியிருக்கிறார். திண்ணையில் வந்து உட்கார்ந்தவர்களில் பாதிப் பேர் அந்தக் கடன்காரர்கள்தான். அதனால்தான் அவர்கள் சொன்னதில் பொய் குறைவு. பணம் எதற்குப் போனது என்று ஊரே பார்த்திருக்கிறது, அவர்களே அந்தச் சோற்றைத் தின்றிருக்கிறார்கள்.

வங்கியோடு ஒரே தவணைத் தீர்வுக்குப் பேசி முடித்திருக்கிறேன். அதற்குப் பணம் வேண்டும் என்றால் வீட்டின் முன்பக்கம் இருக்கும் பழைய கச்சேரிக் கட்டடத்தையும் (ஜமீன் அலுவலகம்) அதைச் சுற்றிய மனையையும் விற்க வேண்டும். வாங்க ஆள் இருக்கிறார். கேட்ட விலைக்குச் சம்மதித்தார். வங்கி ஒப்புதலோடு நேராகக் கடன் கணக்கிலேயே கட்டத் தயார் என்கிறார். வளைகுடாவில் இருபது வருஷம் வேலை பார்த்து வந்தவர், கல்யாண மண்டபம் கட்டப் போகிறார். அவருடைய தாத்தா பெயர் அந்த வெட்டிப் பட்டியலில் இருக்கிறது, மூன்று இடத்தில் சிவப்புச் சுழியோடு. அவருக்கும் அது தெரியும். நோட்டை ஒரு தடவை காட்டச் சொன்னார், காட்டினேன். செல்பேசியில் படம் எடுத்துக்கொண்டு, பிறகு வில்லங்கச் சான்றைப் பற்றிப் பேசினார். மூலப்பத்திரம், தீர்ப்பாய உத்தரவு, எல்லா வாரிசுகளின் விடுதலைப் பத்திரமும் இல்லாமல் ஒரு பைசா தரமாட்டேன் என்றார். எங்கள் வீட்டுக்கு இந்த மாதிரி ஆள் நூறு வருஷம் முன்னால் கடன் கொடுத்திருந்தால் தேவலை.

அண்ணன் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்கி அதிகாரப் பத்திரம் அனுப்பிவிட்டான். அத்தைகள் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். பெரிய அத்தை மட்டும், "அவன்கிட்டயா?" என்று ஒரு கேள்வி கேட்டார். வேறு யார் இந்த விலை கொடுப்பார்கள் என்று நான் திருப்பிக் கேட்டதும் மூக்குக் கண்ணாடியைத் தேடினார்.

சித்தப்பா ஒருவர்தான் பாக்கி. அவர் மறுக்கவில்லை, பணமும் கேட்கவில்லை. ஒரே ஒரு நிபந்தனை. அப்பாவுக்குப் பிறகு பரிவட்டம் யாருக்கு என்பதைப் பத்திரத்திலேயே எழுதிவிட வேண்டும், அது அவருக்கு. கோயில் மரியாதையைக் கிரயப் பத்திரத்தில் எழுத முடியாது சித்தப்பா, அதற்குக் கோயில் நிர்வாகத்திடம் தனியாக மனு கொடுக்க வேண்டும் என்றேன். எழுது என்றார். எழுதிக் கொடுத்திருக்கிறேன். மனுவோடு, இந்த வருஷ மண்டகப்படிச் செலவை யார் ஏற்பது என்பதையும் தெரிவிக்கும்படி நிர்வாகம் கேட்டிருக்கிறது. அந்தக் கடிதம் சித்தப்பா மேசையில் இருக்கிறது.